ராஜாவை உருக்கினால் எத்தனை தோட்டா வரும், தெரியுமா?

42,088! தோராயக் கணக்கு இல்லை, ஒருவர் எண்ணி எழுதி வைத்த கணக்கு.

1776 ஜூலை 9ஆம் தேதி மாலை. நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைவீரர்களுக்கு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்துக் காட்டினார்கள். கேட்டு முடித்த கூட்டம் சும்மா கலைந்து போகவில்லை. நேரே பவுலிங் கிரீன் பூங்காவுக்குப் போய், அங்கே குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலைக்குக் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளியது. ஈயத்தில் வார்த்த சிலை, மேலே தங்கப்பூச்சு. நிறுத்தி ஆறு வருடம்கூட ஆகவில்லை! உடைந்த ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலிவர் வுல்காட் என்ற தலைவரின் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ராஜாவை உருக்கித் தோட்டா வார்த்தார்கள். யார் யார் எத்தனை வார்த்தார்கள் என்று வுல்காட் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய பதினோரு வயது மகள் மேரி ஆன் வார்த்தது மட்டும் 10,790! அவள் தம்பி பிரெடரிக்கும் தன் பங்குக்கு 936 வார்த்தான். அந்த ராஜாவின் சிப்பாய்களை நோக்கியே அந்த ராஜா பாய்ந்தார். பூங்காவைச் சுற்றியிருந்த இரும்பு வேலி இன்றும் அங்கேயே இருக்கிறது. போனால் பாருங்கள்: கம்பங்களின் உச்சியில் இருந்த அலங்காரங்களை அறுத்தெடுத்த தடம் தெரியும்.

சரி, ராஜாவை உருக்கியாயிற்று. மறுநாளே ஜனநாயகம் வந்துவிட்டதா? அங்கேதான் வேடிக்கையே! முடியைக் கவிழ்த்தவர்களில் பெரும்பாலோர் நாம் இன்று ஜனநாயகம் என்று சொல்கிற பொருளைச் செய்யக் கிளம்பியவர்களே இல்லை. எல்லாருக்கும் ஓட்டு என்று பேச்செடுத்தால் பல பேருக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்க அரசியல் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள், ஜனநாயகம் என்ற சொல் ஓரிடத்திலும் வராது. ஆரம்பத்தில் அங்கே ஓட்டு என்பது பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களின் சமாச்சாரம்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. நியூ ஜெர்சி மாநிலம் 1776இல் எழுதிய சட்டத்தில், 50 பவுண்டு சொத்துள்ள 'குடியிருப்போர் எல்லாரும்' ஓட்டுப் போடலாம் என்று இருந்தது. ஆண் என்று எங்கும் இல்லை. சொந்தச் சொத்து இருந்த விதவைகளும் மணமாகாத பெண்களும் போய் ஓட்டுப் போட்டார்கள், சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவரும் போட்டார்கள்! முப்பது வருடம் இது நடந்தது. 1807இல் சட்டசபை விழித்துக்கொண்டது. வெள்ளை ஆண்கள் மட்டும் என்று திருத்திவிட்டார்கள். முன்னேற்றம் எப்போதும் முன்னோக்கித்தான் போகும் என்று யாராவது சொன்னால் நியூ ஜெர்சியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கூத்து. 1789இல் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவரானார். அவரை எப்படி விளிப்பது? செனட் சபை வாரக்கணக்கில் இதையே பேசியது! அதன் குழு பரிந்துரைத்த பட்டம் இது: 'மேன்மை தங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவர், அவற்றின் சுதந்திரங்களின் காவலர்.' ராஜாவை விரட்டி மூச்சு வாங்குவதற்குள் விருதாவளி! இதற்கு முன்னின்று வாதாடிய துணைத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கொஞ்சம் பருத்த உடம்புக்காரர். 'மேன்மை தங்கிய உருண்டை' என்கிற பொருளில் அவருக்கே ஒரு பட்டம் சூட்டிச் சிரித்தார்கள். பிரதிநிதிகள் சபை பிடிவாதமாக மறுத்ததால் வெறும் 'திரு. தலைவர்' என்பதோடு நின்றது. நல்லவேளை.

கதவைச் சாத்து!

அமெரிக்காவுக்கு 130 வருடம் முன்னால் போவோம். லண்டன், 1642 ஜனவரி 4. மன்னர் முதலாம் சார்லஸ் ஆயுதம் தாங்கிய வீரர்களோடு நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபைக்குள் நுழைகிறார். தன்னை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய வேண்டும். அவர்களுக்கு முன்பே துப்புக் கிடைத்து, படகேறித் தப்பிவிட்டார்கள். எங்கே அவர்கள் என்று சபாநாயகர் வில்லியம் லென்தாலைக் கேட்கிறார் ராஜா. லென்தால் மண்டியிடுகிறார். ஆனால் பதில் மண்டியிடவில்லை: இந்தச் சபை ஆணையிடாமல் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்கிறார்! ராஜாவுக்குச் சேவகம் செய்யும் ஆள் என்ற நிலையிலிருந்து சபையின் ஆளாகச் சபாநாயகர் மாறியது அந்தக் கணத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை தெரியுமா? இன்றைக்கும் பிரிட்டனில் நாடாளுமன்றத் தொடக்க விழாவின்போது, அரசரின் தூதர் கறுப்புக் கோலோடு வந்தால் காமன்ஸ் சபை அவர் முகத்துக்கு நேரே கதவைப் படாரென்று சாத்துகிறது. கோலால் மூன்று முறை தட்டிய பிறகுதான் திறக்கிறார்கள். அரசர் வந்து அமர்வதும் உரை வாசிப்பதும் பிரபுக்கள் சபையில்தான், காமன்ஸில் இல்லை. அதைவிட ஒன்று: அரசர் நாடாளுமன்றத்திலிருந்து பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் எம்.பி.யை பக்கிங்ஹாம் அரண்மனையில் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்வது இன்றும் வழக்கம்! நல்ல உபசாரம்தான், தேநீர் எல்லாம் உண்டு. ஆனாலும் பிணை பிணைதான்.

1642இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ராஜா தோற்றார். 1649 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. ஒரு நாட்டின் ராஜாவை அவர் குடிமக்களே, ஊரறியக் கூண்டிலேற்றி, தேசத்துரோகி என்று குற்றம் சாட்டுகிறார்கள்! ராஜாவே நாடு என்றிருந்த காலத்தில் ராஜா எப்படி நாட்டுக்குத் துரோகம் செய்ய முடியும்? அந்தக் கேள்வியில்தான் ஐரோப்பா அதிர்ந்தது. நடுவர்களாக 135 பேரை நியமித்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். மீதிப் பேருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும்! தலைமை தாங்கிய ஜான் பிராட்ஷா, யாராவது சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று தொப்பிக்குள் எஃகுத் தகடு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தொப்பி இன்றும் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராஜாவும் தொப்பியைக் கழற்றவில்லை. இந்த மன்றத்துக்கு என்னை விசாரிக்க என்ன அதிகாரம் என்று கேட்டு, கடைசிவரை பதில் வாதம் செய்ய மறுத்தார். தன் கைத்தடியால் அரசு வழக்கறிஞர் ஜான் குக்கைத் தட்டியபோது தடியின் வெள்ளிப் பூண் கழன்று கீழே விழுந்தது. எடுத்துக்கொடுக்க யாரும் குனியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை அவருக்கு. தானே குனிந்து எடுத்தார்.

ஜனவரி 30. கடுங்குளிர். நடுங்கினால் பயந்து நடுங்குகிறான் என்று ஜனங்கள் நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டார் சார்லஸ். வெட்டுமேடை, அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு வெளியே. அந்த மண்டபத்தின் கூரையில் தன் தகப்பனாரைத் தேவர்கள் விண்ணுக்கு ஏற்றிச் செல்வதாக ரூபன்ஸை வைத்து ஓவியம் தீட்டச் செய்திருந்தவர் சார்லஸ்தான். அந்தக் கூரைக்குக் கீழே நடந்துதான் சாவுக்குப் போனார். ஆனால் காலையில் நடக்க வேண்டிய காரியம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. ஏன் தெரியுமா? 'ராஜா செத்தார், ராஜா வாழ்க' என்று அடுத்த நொடியே அவர் மகன் ராஜாவாகிவிடுவானே! அது யாருக்கோ கடைசி நேரத்தில் உறைத்தது. புது ராஜாவை அறிவிப்பது குற்றம் என்று அவசர அவசரமாகச் சட்டம் போட்டுவிட்டு வந்து தலையை வெட்டினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு வெட்டியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

பிறகு என்ன? ஆலிவர் கிராம்வெல் வந்தார், நாடாளுமன்றத்தையே கலைத்தார், 'காவலர்' என்ற பட்டத்தோடு ஆண்டார். 1657இல் கிரீடத்தை நீட்டினார்கள், வேண்டாம் என்றார். ஆனால் அதே வருடம் பதவியேற்பு விழாவுக்கு அரசர்கள் முடிசூடும் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார்! செத்ததும் பதவி யாருக்குப் போனது? அவர் மகனுக்கு. குடியரசின் லட்சணம் அது. 1660இல் பழைய ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். 1661 ஜனவரி 30ஆம் தேதி, தேதியைப் பார்த்துப் பொறுக்கி, கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையை வெட்டிக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். அந்தத் தலை பிற்பாடு கைமாறிக் கைமாறி, காட்சிப் பொருளாகக் காசு சம்பாதித்து, 1960இல்தான் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி வளாகத்தில் அடக்கமானது. ஆள் இறந்து முந்நூறு வருடம் கழித்து!

இந்தக் களேபரத்தில் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம் ராஜாவின் தலையோ கிராம்வெல்லின் தலையோ இல்லை. 1647இல் லண்டனுக்கு அருகே பட்னி என்ற ஊரின் தேவாலயத்தில் நடந்த ஒரு விவாதம். ராஜாவைத் தோற்கடித்த படையில் சாதாரணச் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் தளபதிகளும் சரிசமமாக உட்கார்ந்து, நாட்டை இனி யார் ஆள்வது என்று பேசினார்கள். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய பணக்காரனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, ஆகவே அவன் சம்மதமில்லாமல் அவனை ஆளக்கூடாது என்று வாதிட்டார் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ. சொத்தில்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் சொத்தே மிஞ்சாது என்றார் கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன். நிஜமான ஜனநாயகச் சண்டை இதுதான்! வில்லியம் கிளார்க் என்ற செயலர் அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் ஆக்ஸ்போர்டு வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் தூங்கிக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சேறின. அதாவது சிப்பாய்கள் கேட்ட கேள்வி இரண்டரை நூற்றாண்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அவர்கள் கேட்ட ஓட்டு? இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் அது கிடைத்தது 1918இல். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928இல்!

ராஜாவின் டைரியில் ஒரே ஒரு வார்த்தை

1789 ஜூலை 14. பாரிஸில் பாஸ்டில் சிறை விழுந்த நாள். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அன்றைக்கு டைரியில் என்ன எழுதினார் தெரியுமா? 'ஒன்றுமில்லை.' பாவம், அது வேட்டைக் கணக்கு எழுதும் டைரி. அன்று ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் அர்த்தம். ஆனாலும் சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது பாருங்கள்! உயிரைக் கொடுத்துப் பிடித்த அந்தச் சிறையில் அப்போது இருந்த கைதிகள் எத்தனை பேர்? ஏழே ஏழு. நாலு பேர் பத்திர மோசடிக்காரர்கள். பாஸ்டிலின் பெரிய சாவியைப் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், எழுத்தாளர் தாமஸ் பெயின் வழியாக வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனின் வீட்டில் அது இன்றும் தொங்குகிறது. கொடுங்கோன்மையின் சாவி தொங்கிய அதே வீட்டின் பண்ணையில் நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாம் டீக்கடையில் 'இடதுசாரி, வலதுசாரி' என்று சண்டை போடுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? அதே 1789இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் ராஜாவுக்கு ரத்து அதிகாரம் உண்டா என்று விவாதம். உண்டு என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் ஒன்றாகக் கூடினார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அவ்வளவுதான்! யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது உலக அரசியலின் அகராதியாகிவிட்டது.

1791 ஜூன் 20 இரவு லூயி குடும்பத்தோடு ஓடிப்போனார். ராணியின் பிள்ளைகளுடைய ஆசிரியை ரஷ்யச் சீமாட்டியாக வேடம் போட, ராஜா அவளுடைய வேலைக்காரர்! வழியில் குதிரை மாற்றும் நிலையத்தின் தலைவர் துரூவே சந்தேகப்பட்டார். பண நோட்டில் அச்சிட்ட முகத்தை வைத்து ராஜாவை அடையாளம் கண்டார் என்று சொல்வார்கள். குறுக்கு வழியில் குதிரையைத் தட்டி, வாரென் என்ற சிற்றூரில் பாலத்தை அடைத்துப் பிடித்துவிட்டார்கள். பிரான்ஸின் அரச குடும்பம் அன்றிரவைக் கழித்தது ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டு மாடியில். அதுவரை ராஜாவை வைத்துக்கொண்டே சட்டத்தின் ஆட்சி நடத்தலாம் என்று நம்பியவர்கள்தாம் அதிகம். அந்த நம்பிக்கை அந்த மாடியில் செத்தது.

பிற்பாடு சபை லூயியைக் கூண்டிலேற்றியது. விசாரணையில் ஒவ்வோர் உறுப்பினரும் மேடையேறி வாய்விட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஓர் இரவும் ஒரு பகலும் தொடர்ந்தது! 721 பேரில் 361 பேர் நிபந்தனையின்றி மரணம் என்றார்கள். பெரும்பான்மைக்கு வேண்டியது சரியாக 361! ஒரே ஓட்டில் தலை போயிற்று என்று பலரும் எழுதுவார்கள். அது முழு உண்மை இல்லை. இன்னும் 26 பேர், மரணம்தான், ஆனால் தள்ளிவைப்பது பற்றிப் பேசலாம் என்றவர்கள். மரணத்துக்கு ஓட்டளித்தவர்களில் ராஜாவின் சொந்தப் பங்காளி ஆர்லியன்ஸ் கோமகனும் ஒருவர். ராஜாவின் தலை போன அதே வருடம் அவரையும் கில்லட்டின் தின்றது. கேளுங்கள், அவருடைய மகன் 1830இல் பிரான்ஸுக்கு ராஜாவானார்!

அந்தச் சபையில் 'கொல்லாதீர்கள், அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள்' என்று மன்றாடியவர் யார்? முடியாட்சியை உலகிலேயே கடுமையாகத் திட்டி எழுதிய தாமஸ் பெயின்! இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்கப் புரட்சிக்கு எழுதி, பிரெஞ்சுச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிரெஞ்சு பேச வராது. மொழிபெயர்த்து வாசிக்கத்தான் ஆள் வைத்தார். பிற்பாடு அவரையே சிறையில் தள்ளினார்கள். சாகப்போகிறவர்களின் அறைக் கதவில் அடையாளம் போடுவார்கள். அவர் அறைக் கதவு திறந்திருந்த நேரத்தில் உட்பக்கம் அடையாளம் போட்டுவிட்டார்கள், இரவில் கதவைச் சாத்தியதும் அது மறைந்துபோனது, உயிர் தப்பியது என்று பெயினே எழுதியிருக்கிறார்.

1793இல் ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டம் எழுதி, மக்கள் வாக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்மதம் சொல்லி, வெற்றிகரமாக நிறைவேறியது. பிறகு அதைத் தேவதாரு மரப் பேழையில் வைத்துச் சபையிலேயே பத்திரப்படுத்திவிட்டார்கள். போர் முடியட்டும், அப்புறம் அமலாக்கலாம்! அந்த அப்புறம் வரவே இல்லை. பெண்களுக்கும் அதே உரிமைகள் வேண்டும் என்று 17 பிரிவுகளில் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ், அதே 1793 நவம்பரில் தலையிழந்தார். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது எப்போது தெரியுமா? 1944இல். புரட்சி நடந்து 155 வருடம் கழித்து!

அடிமைகள் கேட்ட கேள்வி

மனித உரிமை என்று பாரிஸ் முழங்கியதை அட்லாண்டிக்குக்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1791 ஆகஸ்டில் செயிண்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியின் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1794 பிப்ரவரி 4ஆம் தேதி பிரெஞ்சுச் சபை அடிமைமுறையை ஒழித்தபோது, அந்தச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர் ஜான் பாப்டிஸ்ட் பெல்லே. ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர்! 1802இல் நெப்போலியன் அடிமைமுறையை மீண்டும் கொண்டுவந்தார். அந்தக் காலனி மக்கள் அவர் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹெய்தி என்ற நாட்டை அறிவித்தார்கள்.

இனிமேல்தான் வயிறு எரியும். 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் தோட்டக்காரர்களின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றார். நஷ்டமான சொத்தில் அந்த மனிதர்களே அடக்கம்! தங்களுக்குத் தாங்களே விலை கொடுக்கச் சொன்னார்கள். தொகையைப் பிறகு குறைத்தார்கள், ஆனால் அதைக் கட்ட வாங்கிய கடன்கள் முழுதாகத் தீர்ந்தது 1947இல். அந்தப் புரட்சிகளிலேயே எல்லாருக்கும் சுதந்திரம் என்பதை அப்படியே நிஜமாக எடுத்துக்கொண்டது இந்த நாடுதான். தண்டமும் அதற்குத்தான் விழுந்தது.

கொடியால் போன கிரீடம்

இதை நம்பவே முடியாது. 1873இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ராஜா வேண்டும் என்பவர்களே பெரும்பான்மை. ராஜாவும் தயார்: பழைய அரச வம்சத்து ஷாம்போர் பிரபு. எல்லாம் கூடி வந்த நேரத்தில் அவர், 'மூவர்ணக் கொடி வேண்டாம், என் முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும்' என்று அடம்பிடித்தார். ஒரு துணிக்காகச் சிம்மாசனம் போயிற்று! 1875இல் குடியரசுத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற திருத்தம் வந்தது. அது நிறைவேறினால் குடியரசு நிலைத்ததாக அர்த்தம். 353க்கு 352. ஒரே ஓட்டு! தேதி என்ன? ஜனவரி 30. இங்கிலாந்தில் சார்லஸின் தலை விழுந்த அதே தேதி.

இந்தக் குடியரசுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1871 முதல் புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. நம்மூர்த் தமிழர்கள் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள்! தேர்தல்கள் முறைகேட்டுக்குப் பேர்போனவை, அது வேறு கதை. 1906இல் பாரதியார் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியா' வார இதழ், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கத்தைத் தாங்கி வந்தது. பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி அவர் போய்ச் சேர்ந்ததும் புதுச்சேரிக்குத்தான். ரஷ்யாவில் ஜார் வீழ்ந்ததைப் பாடியபோதும் அங்கேயேதான் இருந்தார்.

ஜார் மன்னரைப் பற்றிச் சொன்னேனே, அவரை அசைத்தது எது? 1917 மார்ச் 8, உலக மகளிர் தினம். பெத்ரோகிராடின் ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தார்கள். ஒரே வாரத்தில், முந்நூறு வருட ரொமானோவ் வம்சத்தின் ராஜா ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்! தம்பி மிகயீலுக்குப் பட்டம் கொடுத்தார். அவரோ மறுநாளே, மக்கள் சபை கூடிச் சொன்னால்தான் ஏற்பேன் என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த மக்கள் சபைக்குத் தேர்தல் நடந்தது, பெண்களும் சேர்ந்து 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஓட்டளித்தார்கள். 1918 ஜனவரியில் சபை கூடியது. விடியற்காலை நாலு மணிவாக்கில் ஒரு மாலுமி வந்து, 'காவலர்கள் களைத்துப் போய்விட்டார்கள், கிளம்புங்கள்' என்றார். அவ்வளவுதான், மறுநாள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. லெனின் அரசு சபையைக் கலைத்துவிட்டது. பல கோடிப் பேர் ஓட்டுப் போட்ட சபையின் ஆயுள் ஓர் இரவு.

போர்ச்சுகலில் 1910இல் ராஜா ஓடினார். குடியரசின் முதல் தேர்தல் சட்டம் 'எழுதப் படிக்கத் தெரிந்தவர், குடும்பத் தலைவர்' என்றெல்லாம் சொல்லியது, ஆண் என்று சொல்ல மறந்துவிட்டது. டாக்டர் கரோலினா பியாட்ரிஸ் ஆஞ்செலோ கணவனை இழந்தவர், மகளை வளர்ப்பவர். நான்தானே குடும்பத் தலைவர் என்று நீதிமன்றம் போய் ஜெயித்து, 1911இல் ஓட்டுப் போட்டார்! அரசு என்ன செய்தது? 1913இல் சட்டத்தில் 'ஆண்' என்று சேர்த்துவிட்டது. நியூ ஜெர்சி கதையேதான்.

ஸ்வீடனின் இன்றைய அரச குடும்பம் யாருடைய வாரிசுகள் தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சிப் படையில் முன்னேறிய தளபதி பெர்னதோத்தின் வாரிசுகள்! அவர் உடம்பில் 'அரசர்கள் ஒழிக' என்று பச்சை குத்தியிருந்தார் என்பது கட்டுக்கதை, வாட்ஸ்ஆப்பில் வந்தால் நம்பாதீர்கள். நார்வேக்காரர்கள் 1905இல் ராஜா வேண்டுமா என்று தங்களுக்குள் ஓட்டுப் போட்டு, வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வந்த டென்மார்க் இளவரசர்தான், மக்கள் ஓட்டுப் போட்டால்தான் வருவேன் என்று நிபந்தனை வைத்தவர்! இத்தாலியர்கள் 1946இல் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். கிட்டத்தட்ட ஒரு கோடியே 27 லட்சம் பேர் குடியரசுக்கு, ஒரு கோடியே 7 லட்சம் பேர் ராஜாவுக்கு. பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் கலந்துகொண்டது அங்கே அதுதான் முதல் தடவை. கடைசி ராஜா இரண்டாம் உம்பெர்த்தோ ஆண்டது ஒரு மாதமும் சில நாட்களும்.

பக்கத்து நேபாளத்தை விட்டுவிடலாமா? கடைசி மன்னர் ஞானேந்திரா இரண்டு தடவை ராஜாவானவர்! 1950இல் தாத்தா திரிபுவன் மன்னர் குடும்பத்தோடு இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புக, நாட்டை ஆட்டிவைத்த ராணாக்கள் அரண்மனையில் மிஞ்சியிருந்த மூன்று வயதுப் பேரனைப் பிடித்துச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். தாத்தா திரும்பியதும் இறக்கிவிட்டார்கள். 2001 அரண்மனைப் படுகொலைக்குப் பின் மறுபடியும் பட்டம். 2005இல் அதிகாரம் முழுவதையும் தன் கையில் எடுத்தார். 2006 ஏப்ரலில் மக்கள் 19 நாள் தெருவில் நின்றார்கள். 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்று முடியாட்சியை முடித்து வைத்தது. நாராயணஹிட்டி அரண்மனை இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம்.

கடைசியாக ஒன்று. ராஜாவை அனுப்பி வைக்க உருக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்று காட்டிய இடம் கரீபியன் தீவு பார்படோஸ். முதலாம் சார்லஸின் தலை விழுந்த மறுவருடம், 1650இல், லண்டன் நாடாளுமன்றத்தை எதிர்த்து 'அவர் மகன்தான் எங்கள் ராஜா' என்று அறிவித்த விசுவாசித் தீவு அது! கப்பற்படை அனுப்பித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அதே தீவு 2021 நவம்பர் 30 அன்று, எலிசபெத் ராணியின் பிரதிநிதியாக இருந்த கவர்னர் ஜெனரல் சாண்ட்ரா மேசனையே முதல் குடியரசுத் தலைவராக்கி, கொடியை இறக்கி, குடியரசானது. பாடகி ரிஹானாவுக்குத் தேசிய வீராங்கனைப் பட்டமும் அந்த விழாவிலேயே! விருந்தினராக உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றைய இளவரசர் சார்லஸ். இப்போது அவர் மன்னர் மூன்றாம் சார்லஸ். பிரிட்டனையும் சேர்த்து 15 நாடுகளுக்கு அவர்தான் அரசர்.